மேல் இடப்பக்கம் ஓர் ஆந்தை

பல் டாக்டருக்குக் கடவுள் ஒரு தனிச் சலுகை கொடுத்திருக்கிறார். அவர் பேசும்போது எதிரில் இருப்பவன் வாயைப் பிளந்துகொண்டுதான் கேட்டாக வேண்டும். குறுக்கே ஒரு சொல் பேச முடியாது. அரசியல்வாதிகளுக்கும் கணவன்மார்களுக்கும் வாய்க்காத இந்தப் பாக்கியத்தை நம் டாக்டர் பதினான்கு மாதங்களாக ஓர் ஆந்தைக்காகச் செலவழித்து வந்தார்.

ஆந்தை கிளினிக்கின் கூரையில் இருந்தது. உயிரோடு அல்ல, படமாக. நோயாளி நாற்காலியில் மல்லாந்தால் விளக்குக்குப் பக்கத்தில் நேரே கண்ணில் படும்படி ஒட்டியிருந்தார். மரப்பொந்தின் இருட்டு, அதற்குள் இரண்டு மஞ்சள் கண்கள். படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருக்கும். கேட்டால், அது விடியற்காலைப் பனி என்பார்.

"வலிச்சா கையைத் தூக்குங்க. இல்லைன்னா கண்ணைப் பாருங்க" என்று ஆரம்பிப்பார். "படத்தைக் குறுக்க மூணு, நெடுக்க மூணாப் பிரிச்சுக்கணும். கோடு வெட்டிக்கிற இடத்துல கண்ணு உக்காரணும். நடுவுல வெச்சா அது பாஸ்போர்ட் போட்டோ. அப்புறம் ஃபோகஸ். வால் மங்கினா மன்னிக்கலாம், கண்ணு மங்கினா மன்னிப்பே கிடையாது. புதர்ல குப்புறப் படுத்தேன். ஆறரை மணி நேரம். எறும்பு காதுக்குள்ள போச்சு, அசையல. கடைசில அந்த ஆந்தையே என்னை ஒரு மரம்னு நெனச்சுக்கிச்சு."

"ஆ... ஆ..." என்பார் நோயாளி.

டாக்டர் அதை வியப்பு என்று எடுத்துக்கொள்வார்.

"டாக்டர், அவருக்கு ஈறு இன்னும் மரத்துப் போகல" என்பாள் சிஸ்டர். பன்னிரண்டு வருடமாக அந்தக் கிளினிக்கில் உறிஞ்சுகுழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவள். எறும்பு எந்தக் காதுக்குள் போனது என்பது ஒவ்வொரு தடவையும் மாறுவதைக் கவனித்திருந்தாள். சொன்னதில்லை.

உண்மையில் நடந்தது வேறு.

ஊருக்கு வெளியே இருந்த சரணாலயத்துக்கு டாக்டர் குடும்பத்தோடு போயிருந்தார். மனைவி, மாமியார், மனைவியின் தம்பி. காலை ஏழு மணிக்கு உள்ளே போனவர்கள் மாலை நான்கு மணிக்குத் திரும்பியபோது மொத்தத்தில் பார்த்த காட்டு உயிர் ஒரு காகம். அதுவும் இவர்களோடு கார் நிறுத்துமிடத்திலிருந்தே வந்த காகம். எல்லோருக்கும் கால்வலி. கிளம்புமுன் ஒரு குடும்பப் படமாவது எடுக்கலாம் என்றாள் மனைவி. கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில், கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் மாமியார் உட்கார்ந்தார். மற்றவர்கள் நின்றார்கள். டாக்டர் கேமராவை ஒரு குப்பைத்தொட்டியின் மூடிமேல் வைத்து, பத்து விநாடி டைமரைப் போட்டுவிட்டு ஓடினார்; போய்ச் சேருமுன்பே படம் விழுந்துவிட்டது.

இங்கேதான், விஷயம் தெரிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு ஒன்று நடந்தது. கேமரா எந்த இடத்தைக் கூர்மையாகப் பிடிக்க வேண்டும் என்று காட்டும் சின்னக் கட்டம் ஒன்று உண்டு. ஒன்றும் தெரியாதவன் அதை நடுவிலேயே விட்டுவைப்பான். அவன் எடுக்கும் படத்தில் மாமியார் தெளிவாக விழுவார். நம் டாக்டர் மூன்று பங்கு விதியைக் கற்றவர். விலங்கின் கண் எங்கே உட்கார வேண்டுமோ அங்கேயே கட்டத்தையும் வைத்திருந்தார்: மேல் இடப்பக்கம். நாள் முழுவதும் விலங்கு வரவில்லை. கட்டம் மட்டும் விரதம் கலையாமல் அங்கேயே இருந்தது. குடும்பம் கீழே, வலப்பக்கமாக நின்றது. கேமரா குடும்பத்தைச் சட்டை செய்யாமல், கழிப்பறைக்குப் பின்னாலிருந்த மரத்தைத் துல்லியமாகப் பிடித்தது.

படத்தை அன்று வீட்டில் பார்த்த மனைவி, "வீட்டு விலையில கேமரா வாங்கி, என் மூஞ்சி மட்டும் தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி விழுந்திருக்கு" என்று எழுந்து போய்விட்டாள். அதோடு மறந்தும் போனாள். மூன்று நாள் கழித்து அதை அழிக்கப் போன டாக்டர், எவ்வளவு மோசம் என்று அளந்து பார்க்கப் பெரிதாக்கினார். பொந்துக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவரைப் பார்த்தன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இங்கே காக்கையும் கூடவே வந்திருந்தது என்பது மட்டும் உபரி.

அப்புறம் வெட்டினார். மாமியார் போனார், மச்சினன் போனான், மனைவி போனாள், பல்லைக் காட்டிக்கொண்டு பாதி ஓட்டத்தில் நின்ற அவரும் போனார், கழிப்பறைப் பலகை போனது. படத்தில் இருபதில் ஒரு பங்கு மிஞ்சியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். டாக்டர் ஒரு முழுக் குடும்பத்தை மறைத்தார்.

முதலில் அவர் பொய் சொல்லவில்லை. தற்செயலாகக் கிடைத்தது என்றுதான் முதல் நோயாளியிடம் சொன்னார். அந்த ஆள் கூரையைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்தவரிடம், கொஞ்சம் காத்திருந்தேன் என்றார். அவர் புருவத்தைத் தூக்கினார். அந்தப் புருவத்தில் ஆரம்பித்தது வினை. வேர் சிகிச்சைக்கு நான்கு முறை வர வேண்டியவர்களுக்கு ஒவ்வொரு முறையும் அதே கதையைச் சொன்னால் அலுக்காதா? ஒரு மணி நேரம் மூன்றாயிற்று, மூன்று ஆறரையாயிற்று. எறும்பு ஒரு ஞானப்பல் பிடுங்கும்போது சேர்ந்துகொண்டது. கெட்டிக்காரன் புளுகுக்கே எட்டு நாள்தான் ஆயுள் என்பார்கள். டாக்டர் பதினான்கு மாதம் ஓட்டியதில் அவருக்கே காதுக்குள் சில நேரம் குறுகுறுக்கும்.

அந்த மயக்கத்தில்தான் படத்தை ஒரு பெரிய போட்டிக்கு அனுப்பிவைத்தார். ஒரு செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருந்தது.

டாக்டர் முதல் பத்தியோடு கடிதத்தைப் படிப்பதை நிறுத்திக்கொண்டு புகைப்படச் சங்கத்தின் செயலாளருக்கு போன் போட்டார். செயலாளர் ஓய்வுபெற்ற லிஃப்ட் இன்ஸ்பெக்டர். எதையும் மேலே ஏற்றிவிடுவதில் கைதேர்ந்தவர். "டாக்டர், வர்ற ஞாயித்துக்கிழமை ஹாலை எடுத்துடறேன். 'பொறுமையும் ஃபோகஸும்'னு நீங்க பேசுறீங்க. நூறு நாற்காலி போதுமா?" என்றார். அரை மணி நேரத்தில் சங்கத்தின் எல்லா போன்களிலும் செய்தி ஏறிவிட்டது.

இரண்டாவது பத்தியை டாக்டர் மத்தியான இடைவேளையில் படித்தார்.

வெட்டாத, திருத்தாத மூலக் கோப்பை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். கூண்டில் அடைத்த விலங்கு அல்ல, கம்ப்யூட்டரில் செய்த விலங்கும் அல்ல என்று உறுதி செய்வதற்காக. அனுப்பாதவர்களின் பெயர்கள் 'நம்பகத்தன்மை நிறுவப்படாதவை' என்ற தலைப்பில் போட்டியின் பக்கத்தில் வெளியிடப்படும்.

டாக்டர் டிபன் பாக்ஸை மூடினார். அனுப்பாவிட்டால் பொய்ப் படக்காரன். அனுப்பினால் குப்பைத்தொட்டிப் படக்காரன். திருடன் பெயரா, கோமாளி பெயரா? நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதனுக்குத் தேர்ந்தெடுக்கக் கிடைத்த இரண்டே பதவிகள்.

வியாழன் வரை வேறு வழிகளை யோசித்தார். கேமரா தொலைந்துவிட்டது எனலாமா? அது கழுத்தில் தொங்கும் படத்தைத்தான் சங்கத்தின் அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். அன்றே போய் ஒரு புதர் தேடி, நிஜமாகவே ஆறரை மணி நேரம் படுத்து, வேறோர் ஆந்தையை எடுத்துவிட்டால்? புதன்கிழமை மாலை வீட்டுத் தோட்டத்தில் ஒத்திகை பார்த்தார். பதினோராவது நிமிடத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

வியாழன் மாலை மேசைமுன் உட்கார்ந்து முழுப் படத்தைத் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் மனைவியும் மச்சினனும் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"இது நம்ம போட்டோ" என்றாள் மனைவி. "சரியா விழலைன்னு அழிச்சுட்டேன்னீங்களே."

டாக்டர் ஆந்தை முழி முழித்தார். மச்சினன் குனிந்து திரையைப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எங்கே விடை தப்பு என்பதை மோப்பத்திலேயே கண்டுபிடிப்பவன்.

"அக்கா, இடப்பக்கம், அந்தப் பலகைக்குக் கொஞ்சம் மேல பாரு."

அக்கா பார்த்தாள்.

"ஏன் அத்தான்" என்றான் மச்சினன், மிகவும் மரியாதையாக. "நீங்க ஆறரை மணி நேரம் புதர்ல மரமா கெடந்தீங்களே, அப்போ எனக்கு ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தது யாரு?"

"சும்மா இருடா."

"இல்ல, மரம் உரிச்சுக் குடுத்துச்சான்னு கேட்டேன்."

மனைவிக்கு வந்த கோபம் டாக்டர் எதிர்பார்த்த இடத்துக்கு வரவில்லை. "பொய் சொன்னது இருக்கட்டும். அதுல நீங்க ஒண்ணும் புதுசில்ல. என்னை வெட்டிட்டீங்க, இல்ல? நான் நிக்கிறேன், எங்கம்மா உக்காந்திருக்காங்க, எல்லாரையும் வெட்டிட்டு ஒரு பொந்தை எடுத்துக் கூரையில ஒட்டியிருக்கீங்க. வர்றவங்க போறவங்க எல்லாரும் அதைப் பாத்துட்டு, உங்க வீட்டுக்காரர் எவ்வளவு பொறுமைசாலின்னு என்கிட்டயே சொல்றாங்க. நானும் பல்லைக் காட்டிட்டு நிக்கிறேன்."

"காம்போசிஷன்ல தேவையில்லாததை எடுத்துடணும்னு..." என்று ஆரம்பித்த டாக்டர், வாக்கியம் எங்கே போய் முடியும் என்பது தெரிந்து பாதியில் இறங்கிக்கொண்டார். பிறகு கடிதத்தைக் காட்டினார்.

அவள் படித்தாள். "அனுப்புங்க."

"அனுப்பினா சிரிப்பாங்க."

"அனுப்பலைன்னா திருட்டுப் படம்னு போடுவாங்க. அப்புறம் யாராவது உங்ககிட்ட பல்லைக் காட்டுவாங்களா? சிரிச்சாலாவது பல்லு தெரியும்."

வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு, ஒரு கடைவாய்ப் பல்லுக்கும் ஒரு முன்பல்லுக்கும் நடுவில், கையுறையைக் கழற்றாமலே டாக்டர் கோப்பை அனுப்பினார். பத்து நிமிடத்தில் போன் அடித்தது. போட்டியின் சரிபார்ப்புப் பிரிவிலிருந்து ஓர் இளம் பெண்.

"சார், ஃபைல் வந்துடுச்சு. தப்பா வேற படத்தை அனுப்பிட்டீங்கன்னு நெனைக்கிறேன்."

"இல்லம்மா. அதேதான்."

"ஆந்தை எங்க சார்?"

டாக்டர் சிஸ்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "மேல் இடப்பக்கம். கழிப்பறைன்னு ஒரு பலகை இருக்கும். அதுக்குக் கொஞ்சம் மேல."

அந்தப் பக்கம் மவுஸைச் சொடுக்கும் சத்தம். பிறகு யாரோ வாயைப் பொத்திக்கொள்ளும் சத்தம்.

"கிடைச்சுது சார். உண்மையான படம்தான், அதுல சந்தேகமே இல்ல. சில கேள்வி கேட்டே ஆகணும், மன்னிச்சுக்கோங்க. ஆந்தைய வரவழைக்க இரை ஏதாவது வெச்சீங்களா?"

"இல்ல."

"பெஞ்சுல ஒண்ணு தெரியுதே."

"அது என் மாமியார்மா."

அந்தப் பெண் போனைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டாள். திரும்ப எடுத்தபோது குரல் தேறியிருந்தது. விதிப்படி மூலப் படத்தில் பாதியாவது மிஞ்ச வேண்டும், ஆகையால் படம் போட்டியில் நிற்காது. ஆனால் நம்பகத்தன்மை இல்லாதவர்கள் பட்டியலில் அவர் பெயர் வராது என்றாள். "ஓடி வர்றது நீங்களா சார்?" என்று கடைசியில் கேட்டாள். ஆமாம் என்றார். "எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் உங்களைப் பிடிச்சுப் போச்சு" என்று வைத்தாள்.

டாக்டர் திரும்பினார். சிஸ்டர் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் கேட்டியா?"

"கழிப்பறைப் பலகைல இருந்துதான் கேட்டேன் டாக்டர்."

இப்போது தப்பிக்க ஒரு வழி திறந்தது. போட்டிக்காரர்கள் வெளியே சொல்லப்போவதில்லை. 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று ஒரு வார்த்தை போட்டு ஞாயிற்றுக்கிழமையை ஓட்டிவிடலாம். சனிக்கிழமை முழுவதும் அந்த வார்த்தையைக் கண்ணாடிமுன் சொல்லிப் பார்த்தார். நன்றாகவே வந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை; இவ்வளவு நன்றாக வரும் வாயை இனி எப்படி நம்புவது என்று தோன்றியது. ஆனாலும் மேடை ஏறும்வரை முடிவு செய்யவில்லை. முழுப் படமும் வெட்டிய படமும் ஒரே பென்டிரைவில் அடுத்தடுத்து இருந்தன.

ஹாலில் நூறு நாற்காலியும் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் மனைவி, மச்சினன், மாமியார். மாமியாருக்கு எதுவும் தெரியாது. மருமகனுக்கு ஏதோ பாராட்டு என்று நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

செயலாளர் மைக்கைப் பிடித்தார். "நம்ம டாக்டர், உறைபனில, புதருக்குள்ள, ஒன்பது மணி நேரம்..."

டாக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒன்பதா? அவர் ஆறரையில் நிறுத்திவைத்திருந்த பொய்யை யாரோ எடுத்துப் போய் வளர்த்துவிட்டார்கள். பனியை உறைபனி ஆக்கியதும் அவர் அல்ல. "...பாம்பு ஒண்ணு முதுகு மேல ஏறி இறங்கிப் போச்சு, அசையல" என்றார் செயலாளர். சபை மூச்சை இழுத்தது. மச்சினன் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டான்.

பாம்பு வரை டாக்டரால் வர முடியவில்லை. மேடை ஏறியவர் வணக்கம்கூடச் சொல்லாமல் முழுப் படத்தைத் திரையில் போட்டார்.

"புதர் இல்ல. பாம்பு இல்ல. எறும்பும் இல்ல. இது கார் நிறுத்துற இடம். சாயங்காலம் நாலு மணி. கேமரா குப்பைத்தொட்டி மேல இருக்கு. நான் எங்க குடும்பத்தை எடுக்கப் போனேன், ஃபோகஸ் தப்பா விழுந்துது. ஆந்தை அங்க இருந்ததே மூணு நாள் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும். உங்க எல்லார்கிட்டயும் நான் சொன்னது பொய்."

சொல்லி முடித்ததும் பதினான்கு மாதம் மாட்டியிருந்த பல் கிளிப்பைக் கழற்றியது போலிருந்தது. சிரிப்புக்காகக் காத்திருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"இது என்னடி, நானா?" என்றார் மாமியார் திரையைப் பார்த்து. "என்னை ஏன் இப்படிக் கலங்கலா எடுத்து வெச்சிருக்காரு?"

மூன்றாவது வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். கையில் நோட்டுப் புத்தகம். "சார், பெஞ்சுக்கும் மரத்துக்கும் எத்தனை அடி?"

"தெரியாதுங்க. நான் சொன்னது..."

"புரியுது சார். முன்னால மனுஷங்களை மங்கலா நிறுத்திட்டா ஆந்தை நம்மளக் கவனிக்காம அவங்களப் பாக்கும். அதானே?"

"அப்படி எதுவும் இல்லைங்க. அது தப்பு."

"தப்புன்னு எவ்வளவு அடக்கமாச் சொல்றாரு பாருங்க" என்றார் செயலாளர், பக்கத்தில் இருப்பவரிடம், மைக்கிலேயே. இன்னொருவர் குப்பைத்தொட்டியின் உயரத்தைக் கேட்டார். பின்வரிசைப் பெண் ஒருத்தி, குடும்பத்தில் எத்தனை பேர் இருந்தால் நல்லது, வயதானவர்கள் உட்கார்ந்திருப்பது அவசியமா என்று விசாரித்தாள். டாக்டர் வேர்த்து விறுவிறுக்க மறுத்தார். மறுக்க மறுக்கக் குறிப்பு எடுத்தார்கள். பொய் சொன்னபோது அவருக்குப் பெரிய பொறுமைசாலி என்ற பெயர் மட்டும்தான். உண்மையைச் சொன்ன முக்கால் மணி நேரத்தில் அவர் ஒரு மேதை ஆகிவிட்டார். கோமாளி பதவிகூடக் கேட்டவனுக்குக் கிடைப்பதில்லை.

ஒன்றரை மாதம் கழித்து மனைவி மறுபடி சரணாலயத்துக்குப் போக வேண்டும் என்றாள். கேமராவை அவள்தான் பிடிப்பாள் என்ற நிபந்தனையோடு.

கார் நிறுத்துமிடத்தில் இறங்கவே இடமில்லை. ஒவ்வொரு மரத்துக்கு முன்னாலும் ஒரு பெஞ்ச், மடக்கு நாற்காலி, அல்லது கவிழ்த்துப் போட்ட வாளி. ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு மாமியார், ஒரு சித்தி, ஒரு பெரியப்பா, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அவர்களுக்கு எதிரில் குப்பைத்தொட்டிகள், எல்லாம் சரணாலயத்தினுடையவை, வரிசையிலிருந்து இழுத்துவரப்பட்டவை. ஆந்தையை மட்டும் காணோம். இந்தக் கூட்டத்தைப் பார்த்து அது வேறு மாவட்டத்துக்குப் போயிருக்கும். கழிப்பறைக்குப் போகிறவர்கள் லிஃப்ட் இன்ஸ்பெக்டரின் சம்பந்தியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

வாசலில் புதிதாக ஓர் அறிவிப்புப் பலகை. பெயிண்ட் வாசனை போகவில்லை.

'உறவினர்களை மரத்தடியில் நீண்ட நேரம் உட்கார வைக்கக் கூடாது. குப்பைத்தொட்டிகளை நகர்த்துவது தண்டனைக்குரியது.'

"அத்தான்" என்றான் மச்சினன், "உங்களால ஒரு சட்டமே வந்திருக்கு."

"வாயை மூடுடா" என்றார் டாக்டர். சொன்னாரே தவிர, பலகையை இரண்டாம் முறை படித்தபோது நெஞ்சு ஓர் அங்குலம் நிமிர்ந்ததை அவரே பார்த்துவிட்டார். இந்த ஆளைத் திருத்த முடியாது என்று நினைத்துக்கொண்டார்.

"அந்தப் பலகைகிட்டப் போய் நில்லுங்க" என்றாள் மனைவி, கேமராவைக் கண்ணில் வைத்தபடி. "நடுவுல. நட்ட நடுவுல."

போய் நின்றார்.